சோலார் போட்ட பிறகு பில் ஏறிய கதை

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் வாக்கில் ஓடும். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த மின்கட்டணப்படி அதற்கு 3,069 ரூபாய். அதே வீடு 500 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,805 ரூபாய்தான். பத்து யூனிட் கூடி 510 ஆனால் 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாயா என்று வயிறு எரியும். காரணம் எளிது. அந்தக் கட்டணத்தில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 500-ஐத் தாண்டிய உடனே அந்தச் சலுகை பின்னோக்கிப் போய் அந்த நூறு யூனிட்டும் 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501-லிருந்து 8.40, 601-லிருந்து 9.45, 801-லிருந்து 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. இந்தப் படிக்கட்டுதான் எங்களை மாடிக்கு சோலார் போட வைத்தது. பேனலை ஏற்றியதோடு வேலை முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். போட்ட பிறகு வந்த முதல் பில் 4,980 ரூபாய். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த அலைச்சலில் ஒன்று புரிந்தது. இதில் குறுக்கே நிற்கும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் வீட்டுக்காரரின் நஷ்டத்தைத் தடுப்பதற்காக வந்ததில்லை. வேறு யாரோ ஒருவரின் நஷ்டத்தைத் தடுக்க வந்தது. அது யாருடையது என்று தெரிந்தால், எங்கே காசு போகும், எங்கே நாள் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

முதல் கணக்கு அளவு. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய். மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 வீதம், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000. ஏன் மூன்றில் நிறுத்தினார்கள்? மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம் என்பதுதான் திட்டத்தின் வாக்குறுதி. நம் வெயிலில் ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்தால், 3 கிலோவாட் மாதம் 350-ஐ ஒட்டித் தரும். வாக்குறுதிக்கு ஏற்ற அளவு மூன்று, அவ்வளவுதான். விலை கேட்ட இடத்தில் எல்லாம் எங்களுக்கு 3 கிலோவாட்தான் சொன்னார்கள். முழு மானியமும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் எல்லாருடைய பேச்சும்.

அந்த நேரத்தில் யாராவது ஒரு தாளில் இதைப் போட்டுக் காட்டியிருக்கலாம். 3 கிலோவாட்டுக்கு எங்களுக்கு வந்த விலை 1,95,000. மானியம் போக 1,17,000. இரண்டு மாதத்தில் 700 யூனிட் வரும்; பகலில் வெளியே கொடுத்ததை இரவில் எடுத்ததில் கழிப்பதால் எங்கள் 620-ஐ முழுவதும் அடிக்கும், பில் பூஜ்யம். ஆண்டுக்கு மிச்சம் 18,414 ரூபாய்; போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டுக்கு மேல். விலை சொன்ன அதே ஆளிடம் கேட்டபோது 2 கிலோவாட்டுக்கு 1,35,000 என்றார். மானியம் 60,000 போக 75,000. அது 480 யூனிட் தரும்; மீதி 140 யூனிட்டில் நூறு எப்படியும் இலவசம், மீதி நாற்பதுக்கு 94 ரூபாய். ஆண்டுக்கு மிச்சம் 17,850. நாலேகால் ஆண்டில் பணம் வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்கு நாம் கூடுதலாகப் போடுவது 42,000. அதனால் ஆண்டுக்குக் கிடைப்பது 564 ரூபாய். ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் கதை வேறு. இல்லையென்றால் உங்கள் ஆறு பில்லையும் கூட்டி, இரண்டு மாதச் சராசரியில் நூறைக் கழித்து, வரும் எண்ணை 240-ஆல் வகுங்கள். அதுதான் உங்கள் கிலோவாட்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 5,820. அங்கே 3 கிலோவாட் மூன்றரை ஆண்டில் கையைக் கடிக்காமல் திரும்பிவிடும். 400 யூனிட் வீட்டுக்கு பில்லே 1,175 ரூபாய். அதே 3 கிலோவாட்டைப் போட்டால் அவர்கள் பதினாறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 200 யூனிட் வீட்டுக்கு 235 ரூபாய். அவர்களிடம் சோலார் பேச்சே எடுபடாது. இவ்வளவு வெயில் அடிக்கும் தமிழ்நாட்டில் வீட்டு மாடி சோலார் குஜராத் அளவுக்கு ஏன் பரவவில்லை என்று கேட்பவர்கள் விழிப்புணர்வு இல்லை என்கிறார்கள். மக்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரிகிறது. 2016 மே மாதம் தொடங்கிய நூறு யூனிட் இலவசமும், கீழ்ப்படிகளில் இருக்கும் மலிவு விலையும் பெரும்பாலான வீடுகளுக்கு சோலார் செய்ய வேண்டிய வேலையை ஏற்கெனவே செய்துவிட்டன. சோலார் லாபமாவது மேல்படியில் இருக்கும் வீட்டுக்கு மட்டும். அந்த மேல்படி வீடுகள்தான் மின்வாரியத்துக்கு யூனிட்டுக்கு ஒன்பதும் பத்தும் தந்து கீழ்ப்படியின் சுமையில் ஒரு பங்கைத் தாங்குபவை. ஆக ஒவ்வொரு சோலார் வீடும் வாரியத்துக்கு ஒரு நல்ல வாடிக்கையாளரின் இழப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீட்டர் மாட்டுவதில் வரும் தாமதத்துக்கு இதுதான் அடிவேர்.

அடுத்தது பெயர். எங்கள் சர்வீஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் தவறிப் பல ஆண்டு ஆகியும் யாரும் மாற்றவில்லை; பில் கட்டுவதற்குப் பெயர் தேவைப்படவே இல்லை. மானியம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருவதால், திட்டத்தின் தளத்தில் சர்வீஸ் இணைப்பு, விண்ணப்பதாரர், வங்கிக் கணக்கு மூன்றும் ஒருவரே என்று பொருந்த வேண்டும். அரசுப் பணம் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்ற காவல் இது, நியாயம்தான். ஆனால் விற்பவர்கள் இதை முன்பணம் வாங்கிய பிறகுதான் சொல்வார்கள். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், சொத்துவரி ரசீது எல்லாம் சேர்த்துப் பெயர் மாற்றும் வரை எங்கள் முன்பணம் விற்பவரிடம் சும்மா கிடந்தது. தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது எரிச்சலில் திட்டத்தையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் பெயர் மாற்றம், பிறகு ஆதார், வங்கிக் கணக்கு, ஈ.பி. அட்டை மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து இனிஷியல் ஒத்திருக்கிறதா என்ற சோதனை, அதன் பிறகு தளத்தில் பதிவு, கடைசியில்தான் முன்பணம்.

விலைப்பட்டியலில் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, மானியம் வேண்டுமென்றால் டி.சி.ஆர். பேனல் கட்டாயம், அதாவது பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல் வைத்து இங்கே ஒட்டிய பேனல் மலிவு, டி.சி.ஆர். விலை கூடுதல். மானியத்தில் ஒரு பகுதி உங்கள் கை வழியாக உள்நாட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிபந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. முன்பு பெரிய சோலார் நிலையங்களுக்கும் இதே நிபந்தனை இருந்தது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது, 2016-ல் இந்தியா தோற்றது. அதன் பிறகு 2022 ஏப்ரலில் பேனலுக்கு 40 சதவீதமும் செல்லுக்கு 25 சதவீதமும் சுங்க வரி வந்தது. அரசு நேரடியாகப் பணம் தரும் இடங்களில் உள்நாட்டு செல் நிபந்தனை தங்கிவிட்டது. வீட்டு மாடி அதில் ஒன்று. ஏமாற்று நடப்பதும் இங்கேதான். டி.சி.ஆர். விலை வாங்கிக்கொண்டு மற்றதை ஏற்றிவிடுவார்கள். பேனல் லாரியில் இருந்து இறங்கும்போதே ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் படம் எடுங்கள். மாடியில் ஏற்றிப் பூட்டிய பிறகு அந்தச் சீட்டு பேனலின் அடிப்பக்கம் போய்விடும். தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்தும் டி.சி.ஆர். தளத்தில் அந்த எண்களைச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. சோலார் வேலையில் தொகையில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரித்துத்தான் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கு 5 சதவீதம், சேவைக்கு 18. மொத்தத்தில் 8.9 சதவீதம் விழும். முன்பு பொருளுக்கு 12 இருந்தபோது 13.8 விழுந்தது. பழைய விலைப்பட்டியலை அப்படியே நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். வரி எத்தனை சதவீதம் என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றாவது, பணத்தை எப்போது எவ்வளவு தருவது. பேனல் ஏறியதும் விற்பவரின் வேலை முடிந்துவிடுகிறது, ஆனால் உங்களுக்கு மானியம் வருவது நெட் மீட்டர் (எடுத்த மின்சாரத்தையும் கொடுத்த மின்சாரத்தையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர்) மாட்டி, ஆய்வு முடிந்து, இயக்கச் சான்று தளத்தில் ஏறிய பிறகுதான். இந்த இடைவெளியில் போனை எடுக்காதவர்கள் அதிகம். கடைசி 15 அல்லது 20 சதவீதம் இயக்கச் சான்றுக்குப் பிறகு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் எடுத்திருந்தால், 2 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி மாதம் 1,167 ரூபாய். ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் அது உங்கள் பையில் இருந்து போகிறது.

மாடி வேலையைப் பற்றி நாலு வார்த்தை. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ வாக்கில் எடை. தட்டோடு பதித்த தளத்தில் துளை போட விடாதீர்கள். அடுத்த ஐப்பசியில் கூரை ஒழுகும், அப்போது பேனல் போட்டவர் வர மாட்டார். கான்கிரீட் பீடம் கட்டி அதன் மேல் கால் நிறுத்துவதுதான் வழி, அதுவும் முடிந்தவரை கீழே தூண் அல்லது உத்தரம் ஓடும் இடத்தில். எர்த்திங் மூன்று தனித்தனிக் குழி: பேனல் சட்டத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரின் (பேனல் தரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் பெட்டி) ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. செலவு மிச்சம் என்று மூன்றையும் வீட்டின் பழைய எர்த்தில் சேர்த்துக் கட்டுவது வழக்கம். இடிதாங்கி வாங்கும் மின்னல் அந்த வழியாக உங்கள் ஃபிரிட்ஜுக்கு வரும்.

நிழல் இன்னும் முக்கியம். ஆறு பேனலும் வரிசையாகக் கோத்திருப்பதால், ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றையும் இழுக்கும். பேனலுக்குள் மூன்று பைபாஸ் டையோடு இருக்கும். நிழல் விழுந்த மூன்றில் ஒரு பகுதியை மின்னோட்டம் அதன் வழியாகத் தாண்டிப் போகும். இருந்தாலும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்று பேனலைத் தொட்டால் அந்த நேரத்து உற்பத்தி நன்றாகவே படுக்கும். விற்பவர்கள் தெற்குப் பக்கம் மறைப்பு இல்லையே என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அது வடநாட்டுக் கணக்கு. திருச்சி அட்சரேகையில் சூரியன் சித்திரையில் தலைக்கு மேல் வந்து, ஆனி மாதம் உச்சியில் இருந்து 12 டிகிரிக்கு மேல் வடக்கே சாய்ந்து நிற்கும். மார்கழியில் தெற்கே 34 டிகிரி சாயும். ஆக வடக்குப் பக்கம் ஒட்டி இருக்கும் மாடிப்படி அறையும் ஆனி, ஆடியில் நிழல் தரும். மார்கழியில் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் தொட்டி நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். எந்த ஆப்பும் அந்தக் கோட்டுக்கு ஈடாகாது.

இப்போது அந்த 4,980 ரூபாய். பேனல் ஏற்றி, இன்வெர்ட்டர் மாட்டி, நெட் மீட்டர் இன்னும் வராத நிலையில் விற்பவரின் ஆள், “ஓடட்டும் சார், வீட்டுக்காவது உபயோகமாகட்டும்” என்று ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போனார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் 700 யூனிட் உற்பத்தி. பகலில் வீடு எடுத்துக்கொண்டது 250 போல. மீதி 450 கம்பி வழியாக வெளியே போனது. வெளியில் இருந்து நாங்கள் வாங்கியது 370 யூனிட்தான். பழைய மீட்டர் காட்டியதோ 820. வெளியே போன 450-ஐயும் நாங்கள் வாங்கியதாகச் சேர்த்துவிட்டது. 370 யூனிட்டுக்கு 1,034 ரூபாய் வந்திருக்க வேண்டிய இடத்தில், சோலாரே இல்லாமல் இருந்தால் 3,069 வந்திருக்கும் இடத்தில், 4,980 வந்தது. வெயிலில் விளைந்ததை ஊருக்குக் கொடுத்து அதற்கு மேல்படி விலையில் பணமும் கட்டினோம். அன்றைக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

மீட்டர் பழுது இல்லை. அது அப்படித்தான் செய்யப்பட்டது. பழைய தட்டு சுற்றும் மீட்டரில் கம்பியைத் தலைகீழாக மாட்டினால் தட்டு பின்னோக்கிச் சுற்றும். அந்த வழியில் ஊரெல்லாம் மின்திருட்டு நடந்தது. அதை அடைக்க, பின்னால் வந்த மின்னணு மீட்டர்களை மின்னோட்டம் எந்தத் திசையில் போனாலும் முன்னோக்கியே எண்ணும்படி வடிவமைத்தார்கள். திருட்டைத் தடுக்க எடுத்த முடிவு. வீட்டில் இருந்து நேர்மையாக மின்சாரம் வெளியே போகும் காலம் வரும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. ஆகவே நெட் மீட்டர் மாட்டும் வரை இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கர் அணைந்தே இருக்கட்டும். சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். அணைத்த பிறகு பிரேக்கரைப் படம் எடுத்து வையுங்கள். அதற்குள் தவணை ஓடுகிறதே என்று பதற வேண்டாம். ஓடவிட்டால் நஷ்டம் இன்னும் அதிகம். வெளியே ஒரு யூனிட்டும் விடாமல் தடுக்கும் வசதி சில இன்வெர்ட்டரில் உண்டு, ஆனால் அதற்கு மீட்டர் பக்கத்தில் தனி உணரி மாட்டியிருக்க வேண்டும். வெறுமனே ஆப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் நடக்காது.

நெட் மீட்டர் ஏன் தாமதமாகிறது? மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் அனுமதித்த பளுவை மின் நிறுவனமே உயர்த்த வேண்டும், 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவும் அவர்களுடையது, அமைத்து முடித்த பிறகு 15 நாளில் இயக்கிவைக்க வேண்டும் என்கின்றன. விதி எழுதியவர் டெல்லியில். மீட்டர் வாங்கிச் சோதித்து மாட்ட வேண்டியவர் ஏற்கெனவே கடனில் இருக்கும் மாநில நிறுவனம். ஒவ்வொரு மீட்டருக்கும் வருமானம் குறையும் வேலையை யாரும் ஓடிப்போய்ச் செய்ய மாட்டார்கள். இதில் கீழே இருக்கும் ஊழியரைத் திட்டிப் பயனில்லை. விதியின் பெயர், தேதி, அந்த 15 நாள் மூன்றையும் குறிப்பிட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். வாய்ப்பேச்சை விட அது வேலை செய்கிறது.

இந்த இழுபறி கொள்கையிலேயே தெரியும். தமிழ்நாட்டில் 2013-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங் கொண்டுவந்தது. கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிப்பது. 2019 மார்ச்சில் அதை மாற்றி, எடுப்பதற்கு வழக்கமான விலை, கொடுப்பதற்குச் சுமார் இரண்டேகால் ரூபாய் என்று ஆக்கினார்கள். வீட்டு சோலார் அத்தோடு படுத்தது. 2021 அக்டோபரில் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்ப வந்தது. கலிபோர்னியாவிலும் இதே சண்டைதான். 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்த வீடுகளுக்குக் கொடுக்கும் யூனிட்டின் விலை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. காரணம் எல்லா ஊரிலும் ஒன்று. நாம் கொடுப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு, எங்கும் சோலார் குவிந்து கிடக்கும்போது. நாம் கேட்பது இரவு எட்டு மணிக்கு, வாரியம் அதிக விலைக்கு வெளியில் வாங்கும்போது. யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது வீட்டுக்காரருக்கு லாபம், கம்பி வைத்திருப்பவருக்கு நஷ்டம். சோலார் குறைவாக இருக்கும் வரை அரசுகள் இந்தச் சலுகையைத் தாங்கும், கூடினால் திருத்தும். இன்று பணம் போடுபவர் விதி 25 ஆண்டுக்கு இப்படியே இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. நான்கைந்து ஆண்டில் பணம் திரும்பும் அளவை மட்டும் போடச் சொல்வது இதனாலும்தான். முடிந்தவரை மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், இஸ்திரி எல்லாவற்றையும் பதினோரு மணியில் இருந்து மூன்று மணிக்குள் ஓட்டப் பழகிவிட்டால், விதி மாறினாலும் அடி குறைவு.

அடுத்த அதிர்ச்சி கரண்ட் கட். பட்டப்பகல், கொளுத்தும் வெயில், மாடியில் 3 கிலோவாட். வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, சோலார் போட்டும் இருட்டா?” என்றார். மின்கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த 2 வினாடிக்குள் இன்வெர்ட்டர் நின்றுவிட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதி. லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தில் ஏறுகிறார். நம் மாடியில் இருந்து மின்சாரம் அந்தக் கம்பியில் போனால் அவர் உயிர் போகும். இந்த ஒரு விதியோடு எனக்குச் சண்டையே இல்லை. கட் நேரத்திலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். பேட்டரிக்கு இந்த மானியத்தில் தனிப் பணம் கிடையாது. வீட்டில் இருக்கும் பழைய யு.பி.எஸ். வெளியீட்டிலோ, ஜெனரேட்டரிலோ சோலாரைச் சேர்த்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் விடாதீர்கள். கட் நேரத்தில் யு.பி.எஸ். தரும் மின்சாரத்தை ஈ.பி. என்று நம்பி இன்வெர்ட்டர் எழுந்து, உபரியை அதற்குள்ளேயே தள்ளும். யு.பி.எஸ். புகைந்துவிடும்.

கடைசியாகப் பிடிபட்டது வோல்டேஜ். நல்ல வெயில் நாளிலேயே பதினொன்றரை முதல் இரண்டு வரை உற்பத்தி விட்டுவிட்டு நின்றது. ஆப்பில் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று வரிசையாகப் பிழை. அதே 2013 விதிப்படி 230-க்கு 10 சதவீதம் மேல், அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் 2 வினாடியில் இன்வெர்ட்டர் விலக வேண்டும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் பகலில் ஏற்கெனவே 245-க்கு மேல் நிற்கும். அதன் மேல் நம் மின்சாரம் வெளியே போகும்போது, கம்பியின் தடையால் நம் பக்கம் இன்னும் ஏறும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். மீட்டரில் இருந்து மாடிக்கு 30 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போட்டிருந்தால் போக வர 5.8 வோல்ட் ஏறும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 2.4 தான். இந்த மூன்றரை வோல்ட்தான் ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவில் இருந்தது. விலைப்பட்டியலில் ‘ஏசி கேபிள்’ என்று மட்டும் எழுதியிருக்கும்; எத்தனை சதுர மில்லிமீட்டர், எத்தனை மீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். கம்பி மாற்றியும் தீராவிட்டால், பகல் பன்னிரண்டு மணிக்கு இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மீட்டர் முனையில் வோல்டேஜைப் பார்த்து, அந்த அளவோடு டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜை ஏற்றி இறக்கும் டேப்பை மாற்றச் சொல்லி மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) எழுதிக் கொடுங்கள். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பை 270-க்கு ஏற்றிவிடலாம் என்று விற்பவர் சொல்வார். உற்பத்தி ஓடும், அந்த 270 உங்கள் டிவிக்கும் போகும், பக்கத்து வீட்டுக்கும் போகும்.

நெட் மீட்டர் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அதன் திரையில் எடுத்தது, கொடுத்தது என்று இரண்டு கணக்கு தனித்தனியாக மாறி மாறி வரும். ரீடிங் எடுக்க வரும் நாளில் இரண்டையும், அதே நேரத்தில் இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தி எண்ணையும் படம் எடுங்கள். உற்பத்தியில் இருந்து கொடுத்ததைக் கழித்தால் வீடு நேரடியாக எடுத்துக்கொண்டது. அதோடு எடுத்ததைக் கூட்டினால் வீட்டின் மொத்தச் செலவு. அது உங்கள் பழைய 620-க்குப் பக்கத்தில் வர வேண்டும். மிகவும் கூடினால் மீட்டர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். அது சரியாக இருந்தும் பில் கூடினால், பில்லில் கொடுத்த கணக்கு ஏறவில்லை. முதல் பில்லிலேயே இதைப் பாருங்கள். பழைய மீட்டரை நெட் மீட்டராக மாற்றிய தகவல் பில் போடும் கணினியில் ஏறாமல், எடுத்ததற்கு மட்டும் பில் வருவது உண்டு. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தும் சரியாகாவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர். மனுவோடு அந்த மூன்று படங்களையும் இணைத்து, பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் போட்ட ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.